குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது சாப்பாடா, தண்ணியா?

நாலு நாள் காய்ச்சல், வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. நம் ஊரில் இதற்கு அடுத்த வரி எல்லோருக்கும் மனப்பாடம்: "போய் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திட்டு வந்துடலாம்." என் பெரியம்மா விஷயத்திலும் அதுதான் நடந்தது. தெருமுனை கிளினிக்கில் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பப் பார்த்தார். பெரியம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "ஏன் தம்பி, பாட்டில் போடலையா?" என்றார். அந்தக் குரலில் இருந்த ஏமாற்றத்தை எந்த டாக்டராலும் தாங்க முடியாது. பத்து நிமிடத்தில் கையில் வென்ஃப்ளான், அதாவது பாட்டிலை இணைக்கும் சின்னக் குழாய், ஏறியது. சிஸ்டர் ஒரு வைட்டமின் ஊசியை பாட்டிலுக்குள் செலுத்தியதும் தண்ணீர் மஞ்சளானது. மஞ்சள் பாட்டில் என்றால் சத்து கூடுதல் என்று பெரியம்மாவுக்கு ஒரு கணக்கு உண்டு.

பக்கத்து ஸ்டூலில் வேறு வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த நான் லேபிளைப் படித்தேன். டெக்ஸ்ட்ரோஸ் 5 சதவீதம், 500 மில்லி. டெக்ஸ்ட்ரோஸ் என்பது குளுக்கோஸுக்கே இன்னொரு பெயர்தான். 100 மில்லிக்கு 5 கிராம் என்றால் அரை லிட்டருக்கு 25 கிராம். வீட்டுக் கணக்கில் ஐந்து டீஸ்பூன் சர்க்கரை. கிராமுக்கு மூன்றரை முதல் நான்கு கலோரி என்று போட்டால் மொத்தம் 85 முதல் 100 கலோரி வரும். சட்னி, சாம்பார் இல்லாத இரண்டு இட்லி.

சரி, இரண்டு இட்லியாவது உள்ளே போகிறதே என்று தோன்றலாம். படுத்த படுக்கையாக இருக்கும் 60 கிலோ ஆளுக்கே ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,500 கலோரி வேண்டும். அதை இந்த பாட்டிலாலேயே கொடுப்பதென்றால் 15 பாட்டிலுக்கு மேல் ஏற்ற வேண்டும், அதாவது ஏழரை லிட்டருக்கு மேல். அவ்வளவு தண்ணீரை ஒரே நாளில் நரம்பில் விட்டால் ஆள் பிழைப்பதே சந்தேகம். அப்படியே பிழைத்தாலும் அதில் புரதம் கிடையாது, கொழுப்பு கிடையாது, உப்பு கூடக் கிடையாது. (சிரை என்பதுதான் சரியான சொல். ஆனால் "நரம்பு கிடைக்கலை" என்று சொல்லாத சிஸ்டரை நான் பார்த்ததில்லை. அதனால் இங்கேயும் நரம்பு என்றே இருக்கட்டும்.)

பசியைத் தீர்க்கிற அளவுக்கு இல்லாத அந்தச் சர்க்கரையை எதற்குத்தான் போட்டிருக்கிறார்கள்? இதற்கான பதில் கொஞ்சம் வேடிக்கையானது. தண்ணீரைப் பத்திரமாக உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் சர்க்கரை.

சுத்தமான காய்ச்சி வடித்த நீரை நேரடியாக நரம்பில் ஏற்றக் கூடாது. ரத்தச் சிவப்பணுவுக்குள் உப்புகளும் மற்றவையும் குறிப்பிட்ட அடர்த்தியில் கரைந்திருக்கின்றன. வெளியே வெறும் தண்ணீர் சூழ்ந்தால், அடர்த்தியைச் சமப்படுத்த அது அணுவுக்குள் புகுந்துகொண்டே இருக்கும். அணு உப்பும், வெடிக்கும். ஊற வைத்த திராட்சை தெரியுமல்லவா, அது போலத்தான். திராட்சைக்குத் தோல் கெட்டி, சிவப்பணுவுக்கு அவ்வளவு கெட்டியில்லை. வெடித்த அணுக்களிலிருந்து கொட்டும் ஹீமோகுளோபின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், பொட்டாசியம் இதயத்தைப் பதம் பார்க்கும். எனவே தண்ணீரில் எதையாவது கரைத்து ரத்தத்தின் அடர்த்திக்கு நெருக்கமாகக் கொண்டுவர வேண்டும். 5 சதவீதம் என்ற அளவு அங்கிருந்துதான் வருகிறது. ஊட்டச்சத்துக் கணக்கில் வந்த எண் அல்ல அது. மில்லிஆஸ்மால் என்ற அலகில் ரத்தத்தின் அடர்த்தி ஏறக்குறைய 290 என்றால் 5 சதவீத குளுக்கோஸின் அடர்த்தி 250 முதல் 280 வரை இருக்கும். உள்ளே நுழையும் நேரத்தில் சிவப்பணுவுக்கு எந்த அதிர்ச்சியும் இல்லை.

நுழைந்த பிறகு நடப்பதுதான் விஷயம். உடல் அந்தச் சர்க்கரையைத் தன் அணுக்களுக்குள், அதாவது செல்களுக்குள், இழுத்து எரித்துவிடுகிறது. மிச்சம் இருப்பது வெறும் தண்ணீர். அந்தத் தண்ணீர் ரத்தக் குழாயில் தங்குவதில்லை. உடம்பு முழுக்கப் பரவி, மூன்றில் இரண்டு பங்கு அணுக்களுக்குள் போய்விடுகிறது. ஒரு லிட்டர் குளுக்கோஸ் ஏற்றினால் கடைசியில் ரத்தக் குழாய்க்குள் நிற்பது 80 மில்லி அளவுதான். அதே ஒரு லிட்டர் நார்மல் சலைன், அதாவது லிட்டருக்கு 9 கிராம் சாதாரண உப்பு கரைந்த நீர், ஏற்றினால் சுமார் 250 மில்லி நிற்கும். சோடியம் அணுவுக்குள் எளிதில் போகாது. தண்ணீரையும் தன்னோடு வெளியே பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஆகவே ரத்த அழுத்தம் விழுந்து கிடக்கும் ஆளுக்கு, விபத்தில் ரத்தம் போனவருக்கு, டெங்குவில் ரத்தக் குழாய் கசிந்து நாடி தளர்ந்தவருக்கு வெறும் குளுக்கோஸ் பாட்டில் கைகொடுக்காது. அங்கே சலைன், அல்லது ஆர்.எல். என்று வார்டில் சொல்லும் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புகள் கலந்த நீர்தான். குளுக்கோஸ் பாட்டிலின் இடம் வேறு. உப்பு சரியாக இருந்து தண்ணீர் மட்டும் குறைந்துபோனவருக்கு, ரத்தத்தில் சோடியம் ஏறிப்போனவருக்கு, ஆபரேஷனுக்காக வெகுநேரம் பட்டினி கிடப்பவருக்கு, நரம்பு வழி போகவேண்டிய சில மருந்துகளைக் கலந்து கொடுப்பதற்கு. ரத்தம் ஏற்றும் அதே டியூபில் இதை ஓட்டக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. சிவப்பணுக்கள் ஒட்டிக்கொள்ளும், உடையும்.

அப்படியானால் பெரியம்மாவுக்குத் தெம்பு வந்தது பொய்யா? பொய்யில்லை. நாலு நாளாகச் சரியாகத் தண்ணீர் குடிக்காத உடம்புக்கு அரை லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது. காய்ச்சல் மாத்திரை வேலை செய்திருக்கிறது. மின்விசிறிக்குக் கீழே இரண்டு மணி நேரம் அசையாமல் படுத்திருக்கிறார். பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்து சொட்டை எண்ணிக்கொண்டிருக்கிறான். இவை எல்லாம் சேர்ந்த தெம்பு அது. ஐந்து ஸ்பூன் சர்க்கரைக்கு அதில் ஒரு சின்னப் பங்கு உண்டு, அவ்வளவே.

நரம்பு வழியாகத் தண்ணீர் ஏற்றும் யோசனை சர்க்கரையிலிருந்து தொடங்கவில்லை, உப்பிலிருந்துதான் தொடங்கியது. 1831-32இல் பிரிட்டனைக் காலரா உலுக்கியபோது, வில்லியம் ஓஷாக்னசி என்ற இளம் டாக்டர் காலரா நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து, அதில் தண்ணீரும் உப்பும் வற்றிப்போயிருப்பதைச் சொன்னார். 1832இல் எடின்பரோவுக்குப் பக்கத்து லீத் துறைமுகத்தில் தாமஸ் லாட்டா அதைச் செயலில் காட்டினார். சாகும் நிலையில் இருந்த ஒரு வயதான பெண்ணின் நரம்பில் உப்புநீரைச் செலுத்திக்கொண்டே போனார். ஆறு பைண்ட், அதாவது மூன்று லிட்டர் அளவுக்குப் போனதும் குழிவிழுந்த கண்கள் தெளிந்தன, குளிர்ந்த கை சூடானது, பேச்சு வந்தது. பிழைத்துவிட்டார் என்று நம்பி லாட்டா ஓய்வெடுக்கப் போனார். வயிற்றுப்போக்கு திரும்ப வந்தது, லாட்டாவுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை, அந்தப் பெண் சில மணி நேரத்தில் இறந்துபோனார். இறங்கிக்கொண்டே இருப்பதற்கு ஈடாக ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற பாடம் அன்றைக்கே அங்கே இருந்தது. ஆனாலும் காலரா அலை ஓய்ந்ததும் இந்த முறையையும் பெரும்பாலும் மறந்துவிட்டார்கள்.

சர்க்கரை பிறகுதான் வந்தது. 1840களில் பாரிஸில் கிளாட் பெர்னார்ட் விலங்குகளுக்குச் சர்க்கரைக் கரைசலை நரம்பில் ஏற்றிப் பார்த்தார். நாம் டீயில் போடும் கரும்புச் சர்க்கரை அப்படியே சிறுநீரில் வந்துவிட்டது. அதை இரண்டாக உடைக்கும் வேலை குடலில்தான் நடக்கிறது, ரத்தத்துக்கு அது தெரியாது. குளுக்கோஸ் என்றால் உடல் பயன்படுத்திக்கொண்டது. மனிதர்களுக்கு நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிய முதல் முயற்சிகள் 1896இல் நடந்தன. பீடல், கிரவுஸ் என்ற இருவர் செய்தது. ஆனால் அந்தக் காலத்தில் பாட்டில் ஏற்றினால் பலருக்கு நடுக்கக் காய்ச்சல் வரும் என்கிற நிலை. கொதிக்க வைத்துக் கிருமியைக் கொன்ற பிறகும் குளிர் நடுக்கம் நிற்கவில்லை. செத்த பாக்டீரியாவின் மிச்சம் தண்ணீரில் இருந்து அந்தக் காய்ச்சலைக் கிளப்புகிறது என்று 1923இல் புளோரன்ஸ் சைபர்ட் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி கண்டுபிடித்து, அது ஒட்டாமல் தண்ணீர் காய்ச்சி வடிக்கும் கருவியையும் அமைத்தார். அதற்குப் பிறகுதான் டிரிப்ஸ் என்பது பயப்படாமல் செய்யக்கூடிய காரியமானது. இன்றைக்கு ஒரு மருந்துக்கடையில் அட்டைப்பெட்டியில் அடுக்கி வைத்திருக்கும் அந்தச் சாதாரண பாட்டிலுக்குப் பின்னால் இப்படி ஒரு பெண்மணி இருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி.

அந்த பாட்டில் சாதாரணமானது என்று நினைத்து அசந்ததற்கும் ஓர் உதாரணம் உண்டு. 1972இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில், டெவன்போர்ட் மருத்துவமனைப் பிரிவில் 5 சதவீத குளுக்கோஸ் ஏற்றிய நோயாளிகள் திடீரென்று சரிந்தார்கள். சிலர் இறந்துபோனார்கள். தொழிற்சாலையில் நீராவியில் கிருமி நீக்கும்போது அந்தத் தொகுதியின் ஒரு பகுதி பாட்டில்களுக்குப் போதிய சூடு ஏறவில்லை. உள்ளே பாக்டீரியா பெருகியிருந்தது. கிருமிக்கும் குளுக்கோஸ் சாப்பாடுதானே.

ஒரு நாளைக்கு எத்தனை பாட்டில் என்ற வழக்கம் எப்படி வந்தது என்பதற்குக் கடலோடு தொடர்புள்ள ஒரு கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் கப்பல் மூழ்கி உயிர்காப்புப் படகில் தத்தளிக்கும் மாலுமிகளுக்கு என்ன கொடுத்து அனுப்பினால் அதிக நாள் தாங்குவார்கள் என்று ஹார்வர்டில் ஜேம்ஸ் கேம்பிள் ஆராய்ந்தார். இடம் குறைவு, தண்ணீர் குறைவு. பட்டினி கிடக்கும் உடல் மூளைக்குச் சர்க்கரை தேடித் தன் தசையையே கரைக்கும். மூளைக்கு ஒரு நாளைக்கு 120 கிராம் அளவுக்குக் குளுக்கோஸ் தேவை. தினம் 100 கிராம் குளுக்கோஸ் கொடுத்தால் தசை கரைவது ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது, அதற்குத் தக்கபடி தண்ணீர் இழப்பும் குறைகிறது என்று அவர் கண்டார். 100 கிராம் என்றால் நம் பாட்டில் கணக்கில் நாலு. ஆபரேஷன் முடிந்து வாய் வழி சாப்பிடக் கூடாத முதல் ஓரிரு நாளுக்கு இந்த அளவில் ஏற்றுவதன் பின்னணி இதுதான். பிரிட்டனின் இன்றைய வழிகாட்டுதலும் பட்டினியின் தாக்கத்தைக் குறைக்க நாளொன்றுக்கு 50 முதல் 100 கிராம் என்றுதான் சொல்கிறது. இதனால் ஊட்டச்சத்துத் தேவை தீராது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. பட்டினியின் வேகத்துக்கு ஒரு பிரேக் என்று வைத்துக்கொள்ளலாம். வண்டி நிற்காது.

இதிலேயே ஒரு பொறி இருக்கிறது. சர்க்கரை எரிந்தபின் மிஞ்சுவது வெறும் தண்ணீர் என்றோமே, அந்தத் தண்ணீரை வெளியேற்ற உடலால் முடிய வேண்டும். நல்ல உடம்பு என்றால் அடுத்த சில மணி நேரத்தில் சிறுநீராகப் போய்விடும். வலி, காய்ச்சல், வாந்தி, ஆபரேஷன், நிமோனியா என்று எது வந்தாலும் மூளை ஒரு ஹார்மோனைச் சுரந்து தண்ணீரைப் பிடித்து வைக்கச் சொல்லும். அந்த நேரத்தில் உப்பு குறைந்த குளுக்கோஸ் நீரை ஏற்றிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். சாதாரணமாக 135 முதல் 145 வரை இருக்கவேண்டிய சோடியம் 120க்குக் கீழே வேகமாக இறங்கினால் மூளை வீங்கும். முதலில் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம். எல்லாம் ஆபரேஷனுக்குப் பிறகு யாருக்கும் வரக்கூடியவை என்பதால் சந்தேகம் வராது. பிறகு வலிப்பு. குழந்தைகளின் மண்டையோட்டுக்குள் மூளைக்கு இடம் மிகக் குறைவு. அவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்று ஹாலிடே, சீகர் என்ற இரண்டு டாக்டர்கள் 1957இல் ஓர் எளிய கணக்கு தந்தார்கள். முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மில்லி, அடுத்த 10 கிலோவுக்கு 50 மில்லி, அதற்கு மேல் 20 மில்லி. இன்றும் மருத்துவ மாணவர்கள் இதை ஒப்பிப்பார்கள். அளவுக் கணக்கோடு சேர்த்து, உப்பு மிகக் குறைந்த குளுக்கோஸ் நீரும் வழக்கமாகிவிட்டது. 0.18 சதவீத உப்பும் 4 சதவீத குளுக்கோஸும் கலந்த பாட்டில் அரை நூற்றாண்டு காலம் பிரிட்டிஷ் குழந்தைகள் வார்டுகளில் தொங்கியது. வட அயர்லாந்தில் ஐந்து குழந்தைகளின் மரணத்தை ஆராய 2004இல் அமைத்த விசாரணை ஆணையம் 2018இல்தான் அறிக்கை தந்தது; சோடியம் இறங்கியதைக் கவனிக்காததும், பிறகு அதைப் பெற்றோரிடம் மறைத்ததும் அதில் விரிவாக வருகின்றன. அதற்கு முன்பே 2007இல் அந்த பாட்டிலைப் பொது வார்டுகளிலிருந்து அகற்றச் சொல்லிவிட்டார்கள். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் அமைப்பும் 2018இல், ஒரு மாதம் தாண்டிய குழந்தை முதல் 18 வயது வரை, ரத்தத்துக்குச் சமமான உப்புள்ள நீரையே ஏற்றச் சொன்னது. சில விதிவிலக்குகள் உண்டு. சர்க்கரையை எடுத்துவிடச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உப்போடு சேர்ந்த சர்க்கரை என்றார்கள். நம் வார்டுகளில் டி.என்.எஸ். என்று எழுதுவது கிட்டத்தட்ட அதுதான்: 5 சதவீத குளுக்கோஸ், கூடவே நார்மல் சலைன் அளவுக்கு உப்பு.

தலையில் அடிபட்டவருக்கு வெறும் 5 சதவீத குளுக்கோஸ் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். ஏற்கனவே வீங்கும் மூளைக்கு இன்னும் தண்ணீர் எதற்கு?

இவ்வளவு சொன்னபிறகு குளுக்கோஸை ஏதோ வில்லன் போல ஆக்கிவிடக் கூடாது. அது முழு மருந்தாக நிற்கும் இடம் ஒன்று உண்டு, அங்கே அதற்கு ஈடே கிடையாது. இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிட மறந்தவர், மாத்திரை போட்ட பிறகு வாந்தியில் எல்லாம் வெளியேறிய முதியவர், மயங்கிக் கிடக்கிறார். வியர்வையில் சட்டை நனைந்திருக்கிறது. சுகர் பார்த்தால் 35. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். 25 சதவீத குளுக்கோஸை நரம்பில் மெதுவாகச் செலுத்துகிறார்கள். சில நிமிடங்களில் கண் திறந்து, "ஏன் எல்லாரும் நிக்கிறீங்க?" என்று கேட்பார். ஆரோக்கியமான ஒருவரின் மொத்த ரத்தத்திலும் எந்த நேரத்திலும் இருக்கும் குளுக்கோஸ் 5 கிராம்தான், ஒரு டீஸ்பூன். அதில் பாதி குறைந்தாலே மூளை அணைய ஆரம்பிக்கிறது. அதனால்தான் அவ்வளவு குறைந்த மருந்துக்கு அவ்வளவு பெரிய பலன். ஆனால் இந்த அடர்த்தியான கரைசலைக் கை நரம்பில் மணிக்கணக்கில் ஓட்ட முடியாது. 10, 12 சதவீதம் தாண்டினாலே நரம்பு சிவந்து, வலித்து, கயிறு போலத் தடித்துவிடும். வெளியே கசிந்தால் தோலே புண்ணாகும்.

நரம்பு வழியே உண்மையிலேயே சோறு போடும் முயற்சி பல ஆண்டுகள் முட்டி நின்றது இந்த இடத்தில்தான். கலோரி வேண்டுமென்றால் கரைசல் கெட்டியாக வேண்டும். கெட்டியானால் நரம்பு தாங்காது. தண்ணியாக்கினால் லிட்டர் கணக்கில் போகும். அதை உடம்பு தாங்காது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டட்ரிக் என்ற இளம் அறுவை மருத்துவர் 1960களின் நடுவில் இந்த முடிச்சை அவிழ்த்தார். கழுத்துப்பட்டை எலும்புக்குக் கீழே ஓடும் பெரிய நரம்பு வழியாக இதயத்துக்குப் பக்கம் வரை குழாயைக் கொண்டுபோனால், அங்கே பாயும் ரத்தத்தின் வேகத்தில் கெட்டியான கரைசல் நொடியில் கரைந்துவிடும். முதலில் பீகிள் நாய்க்குட்டிகள். வாய் வழி ஒன்றுமே கொடுக்காமல், நரம்பு வழி மட்டுமே ஊட்டி வளர்த்த குட்டிகள் சாதாரணக் குட்டிகளைப் போலவே வளர்ந்தன. 1967இல், சிறுகுடல் கிட்டத்தட்ட இல்லாமலே பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு பிலடெல்பியாவில் இதே முறையில் ஊட்டினார்கள். நரம்பு வழி உணவிலேயே குழந்தையின் எடை ஏறியது, உயரமும் கூடியது. குளுக்கோஸ் மட்டும் போதவில்லை. அமினோ அமிலங்கள், உப்புகள், வைட்டமின்கள், துத்தநாகம் போன்ற நுண்சத்துகள் எல்லாம் வேண்டியிருந்தன. கொழுப்புக்கான விடையை அதற்கு முன்பே சுவீடனில் ஆர்விட் வ்ரெட்லிண்ட் கண்டிருந்தார்: சோயா எண்ணெயை முட்டை மஞ்சள் கருவின் பொருளால் கலக்கிய பால் போன்ற வெள்ளைக் கரைசல். தீவிர சிகிச்சைப் பிரிவில் பெரிய பையில் வெள்ளையாகத் தொங்குவது அந்த வம்சம்தான். விலை அதிகம், குழாய் வழியே கிருமி புகும் ஆபத்தும் அதிகம், நாள்பட்டால் கல்லீரல் கெடும். குடல் வேலை செய்யாதபோதுதான் அதை எடுப்பார்கள்.

வெகுநாள் பட்டினி கிடந்தவருக்கு அந்த முழு உணவையும் உடனே கொடுக்கக் கூடாது என்பதையும் அனுபவத்தில்தான் கற்றார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து சிறைமுகாம்களிலிருந்து மீட்ட எலும்பும் தோலுமான மனிதர்களுக்கு வயிறு நிறையச் சாப்பாடு போட்டபோது சிலர் அதனாலேயே இறந்தார்கள். திடீரென்று சர்க்கரை வந்ததும் இன்சுலின் பொங்கும், அது பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாவற்றையும் ரத்தத்திலிருந்து அணுவுக்குள் இழுத்துக்கொள்ளும், இதயம் தடுமாறும். இதன் சிறிய வடிவம் நம் ஊர் அவசரப் பிரிவுகளில் அடிக்கடி வருகிறது. பத்து நாளாகச் சோறு தொடாமல் குடித்துக்கொண்டே இருந்தவரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். உறவினர் சொல்வது, "ஒண்ணும் சாப்பிடலை சார், முதல்ல குளுக்கோஸ் ஏத்துங்க." குளுக்கோஸை எரிக்க வைட்டமின் பி1 வேண்டும். அவர் உடலில் அது காலி. மிச்சமிருந்த துளியையும் பாட்டில் தீர்த்துவிட்டால் கண் இழுத்து, நடை தள்ளாடி, நினைவு குழம்பும் மூளைக்கோளாறு வரலாம். சிலருக்கு நினைவாற்றல் திரும்புவதே இல்லை. தெரிந்த டாக்டர் முதலில் தயமின், அதாவது அந்த பி1, ஊசி போட்டுவிட்டுத்தான், அல்லது இரண்டையும் ஒன்றாகத்தான், தொடங்குவார். சுகர் தரைதட்டிக் கிடந்தால் மட்டும் குளுக்கோஸைத் தள்ளிப்போட மாட்டார்.

குடல் வேலை செய்தால் வழியே வேறு. இங்கேதான் குளுக்கோஸின் இன்னொரு முகம் வருகிறது. சிறுகுடலின் சுவரில் ஒரு வாசல் இருக்கிறது. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். இரண்டும் உள்ளே போக, தண்ணீர் பின்னாலேயே போகும். 1960இல் ராபர்ட் கிரேன் இதை விளக்கினார். காலராவில் கூட அந்த வாசல் கெடுவதில்லை. 1971இல் வங்கதேசப் போரில் அகதிகள் லட்சக்கணக்கில் மேற்கு வங்கத்துக்குள் வந்து, பனகாவ் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸிடம் டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. நோயாளிகளின் கழிவுக்கு நடுவே மண்டியிட்டுத்தான் ஊசி போட வேண்டிய நிலை. குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா மூன்றையும் அளந்து கலந்து, டிரம்மில் ஊற்றிவைத்து, உறவினர்களையே டம்ளரில் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். 30 சதவீதம் பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. நரம்பில் ஏற்றினால் இரண்டு இட்லிக்கு மேல் பெறாத அதே சர்க்கரை, குடலில் உப்போடு சேர்ந்தபோது ஓர் முகாமையே காப்பாற்றியது. இன்றைய ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு. இனிப்பாக இருக்கட்டும் என்று கூடுதலாகச் சர்க்கரை போட்டால் பேதி அதிகமாகும்.

வேலூர் சி.எம்.சி.யில் ராமகிருஷ்ணா குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி போனது. வழக்கமான ஓ.ஆர்.எஸ். நீரோடு, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போகும் மாவுச்சத்தையும் கலந்தார்கள். பெருங்குடலின் பாக்டீரியா அதை நொதிக்க வைக்க, அங்கேயும் குடல் உப்பையும் தண்ணீரையும் உறிஞ்சியது. காலரா நோயாளிகளுக்குப் பேதி குறைந்தது. உப்புப் போட்ட கஞ்சி என்பது பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கிவிடக் கூடியது இல்லை. அரிசி மாவை வைத்துச் செய்யும் ஓ.ஆர்.எஸ். காலராவுக்கு நன்றாகவே வேலை செய்கிறது.

பெரியம்மா கிளினிக்கிலிருந்து திரும்பிய அன்று ராத்திரி ரசம் சாதம் கரைத்துக் குடித்துவிட்டு, பாட்டில்தான் பசியைத் தூண்டியது என்றார். நான் மறுக்கவில்லை.

அதே பெரியம்மா சில வருஷம் கழித்து, வீட்டிலேயே, கடைசிப் படுக்கையில் இருந்தார். விழுங்க முடியவில்லை. "வெறும் வயித்தோட அனுப்பக் கூடாதுப்பா, ஒரு பாட்டிலாவது ஏத்தச் சொல்லு" என்று சித்தி அழுதார். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டர் உட்கார்ந்து நிதானமாகப் பேசினார். இந்த நிலையில் உடம்பு பசியைக் கேட்பதில்லை. ஏற்றும் தண்ணீர் சிறுநீராகப் போகாமல் காலிலும் நுரையீரலிலும் தேங்கும். மூச்சில் கரகரப்பு கூடும். ஊசி குத்த நரம்பு தேடுவதே அவருக்கு வலி. தாகமாகத் தோன்றுவது வாய் உலர்வதால், அதற்கு வேறு வழி இருக்கிறது என்றார். சுத்தமான துணியைத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, உதட்டிலும் நாக்கிலும் எப்படித் தொட்டு எடுப்பது என்று செய்து காட்டினார். உதட்டுக்குக் கொஞ்சம் வெண்ணெய். சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தத் துணியைக் கையில் வாங்கினார்.